கடைசிப் பந்தி

பாட்டு முடிகிற நேரம். ஆண்கள் பக்கம் முடிந்து, பெண்கள் பக்கமும் ஏறக்குறைய முடிந்து, எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஐயர் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் யாராவது பாக்கி உண்டா என்று சபையைப் பார்க்கிறார். அப்போதுதான் பின்னால் தூண் ஓரத்திலிருந்து செல்வி எழுந்திருப்பாள்.

எழுந்தவள் நேராக நடக்கமாட்டாள். ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்ப்பாள். தனக்குப் பின்னால் ஒருத்தரும் இல்லை என்று உறுதியானதும், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடுவழியாகப் போவாள். ஒரு வரிசை ஆட்கள் முழங்கால் போடுகிற கிராதியில், ஓரமாக அவள் ஒருத்தி மட்டும் முழங்கால் போடுவாள்.

அந்தத் திரும்பிப் பார்ப்பது இருக்கிறதே, அது என்னைப் படுத்தின பாடு கொஞ்சமில்லை.

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு என் குணம் இந்நேரம் தெரிந்திருக்கும். பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டைப் பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி ஓடினவள் நான். போன வாரம் அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “நான் கேஸ் அடுப்புக்காக இறங்கியிருக்கேம்மா” என்று எழுதியிருந்தார். ஒரு துணை கிடைத்தமாதிரி இருந்தது. எனக்குக் கவலைப்பட ஒரு காரணம் கிடைத்தால் போதும். செல்வி விஷயத்தில் காரணம் நிஜமாகவே இருந்தது.

வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், அல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. வரிசை வரிசையாகப் போய் முழங்கால் போட வேண்டும். அதைத்தான் பந்தி என்போம். ஐயர் முதலில் அப்பம் தருவார். நாங்கள் ஐயர் என்பது சபையின் போதகரை. பிறகு திராட்சரசப் பாத்திரம் வரும். வெள்ளிப் பூச்சுப் போட்ட ஒரே பாத்திரம். ஒருத்தர் குடித்ததும் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்தவர் வாயில் வைப்பார்.

நம்ம ஊரில் அடுத்தவர் சொம்பில் யார் வாய் வைக்கிறார்கள்? சொந்த அண்ணன் தம்பியே அண்ணாந்துதான் குடிப்பார்கள். ஊரே வாய் வைத்துக் குடிக்கிற ஒரு பாத்திரம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

கிராம்பு

அந்த ரசத்தைக் காய்ச்சுகிற வேலை என்னுடையது. சபையில் டீச்சர்கள் இருந்தார்கள், நர்ஸ் இருந்தார், பேங்க்கில் வேலை செய்கிறவர்கள் இருந்தார்கள். நான் ஏழாவதோடு நின்றவள். வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முன்பிருந்த ஐயரம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, “எஸ்தரு, நீ பாத்துக்கோ” என்று பெரிய குண்டானைக் கொடுத்துவிட்டுப் போனார். அதுவே எனக்குப் பட்டம் கொடுத்தமாதிரி.

சனிக்கிழமை காலையில் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரம் நிற்கிற வண்டியில் கருப்புப் பன்னீர் திராட்சை வாங்கி வருவேன். கழுவி, நசுக்கி, சர்க்கரை போட்டு, கிராம்பு தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவேன். வீடு முழுக்க அந்த வாசனை இருக்கும். என் பெரிய பையன் சட்டையில்கூட இருக்கும்.

அதன்பிறகு கவலை ஆரம்பிக்கும். புளித்துவிட்டதோ? புளித்தால் அது வேறு சரக்காகிவிடுமே, ஒரு சபையையே குடிக்க வைத்த பாவம் யாருக்கு? ஒரு ஸ்பூன் குடித்துப் பார்ப்பேன். சந்தேகம் தீராது. இன்னொரு ஸ்பூன்.

“சபைக்கும் கொஞ்சம் மிச்சம் வைடி” என்பார் என் வீட்டுக்காரர். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒர்க்ஷாப்பில் மெக்கானிக். நான் கவலைப்படுவதை வைத்தே அவருக்குப் பொழுது போகும்.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தால் எல்லாருக்கும் ஒரு குறை இருக்கும். “எஸ்தரு, இந்த மாசம் சக்கரையை மறந்துட்டியா?” “அக்கா, கிராம்பு ஜாஸ்தி, நாக்கு மரத்துப்போச்சு.” குண்டுமணி அளவு வாயில் படுகிறது, அதற்கு இவ்வளவு விமர்சனம். எனக்குள் கோபம்தான். ஆனால் குறை சொல்லாத ஒரே ஆள் செல்வி. அவளாகச் சொல்லமாட்டாள் என்று நானே கேட்டால், “எனக்கு இன்னாக்கா தெரியும், கெடைக்கிறதே பெருசு” என்பாள். மற்றவர்கள் குறை சொன்னதைவிட இதுதான் எனக்கு அதிகமாக உறுத்தும்.

வரிசையில் கிடைத்தவள்

செல்வியை நான் பார்த்தது பெரியாஸ்பத்திரியில். எனக்குத் தலைவலி வந்தால் மூளையில் கட்டி, நெஞ்சு கரித்தால் ஹார்ட் அட்டாக். அதனால் ஆஸ்பத்திரியின் எல்லா வரிசையும் எனக்குப் பழக்கம். அன்றைக்கு எனக்கு முன்னால் ஒல்லியாக, நீலப் பூப்போட்ட புடவையில் ஒருத்தி நின்றாள். வெயில் நேரம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க முன்னாடி போங்கக்கா, உங்களுக்கு ரொம்ப முடியல போலருக்கு” என்றாள்.

எனக்கு ஒன்றுமே இல்லை. வெறும் பயம். அவளுக்கு என்ன என்பது அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினபோதுதான் தெரிந்தது.

ஊர் நெல்லிக்குப்பம் பக்கம். புருஷன் ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற டிராக்டர் ஓட்டியவன். அப்புறம் லாரிக்குப் போனான். எங்கெங்கோ போனான். காய்ச்சல் காய்ச்சலாக வந்து செத்துப்போனான். இவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தபோது இவளுக்கும் எச்.ஐ.வி. காரியம் முடிந்த கையோடு மாமியார் வீட்டில் இவள் தட்டையும் டம்ளரையும் வாசலில் வைத்துவிட்டார்கள். கடலூரில் ஒரு ஒண்டுக் குடித்தனத்தில் தனியாக இருந்தாள். புடவைக்கு ஃபால்ஸ் தைப்பாள், ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பாள்.

“எங்க சர்ச்சுக்கு வாயேன். ஃபேன் இருக்கு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க” என்றேன்.

யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். அவளாகவே சொன்னாள்.

ஸ்தோத்திரம் நின்ற இடம்

எங்களிடம் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. அந்த வாரம் கடவுள் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சபை “ஸ்தோத்திரம்” சொல்லும். பழக்கம். காது கேட்கிறதோ இல்லையோ வாய் சொல்லிவிடும்.

எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துப் பயப்படுகிற நான், இதை அவளிடம் சொல்லிவைக்க யோசிக்கவில்லை. வந்த இரண்டாவது ஞாயிறோ மூன்றாவதோ, செல்வி எழுந்து நின்றுவிட்டாள்.

“எம் பேரு செல்விங்க.”

“ஸ்தோத்திரம்.”

“எங்க வூட்டுக்காரரு செத்துட்டாருங்க.”

“ஸ்தோத்திரம்!” முன்வரிசையில் சிலருக்கு அதற்கப்புறம்தான் உறைத்தது.

“என்னை வூட்ட வுட்டு அனுப்பிட்டாங்க. எனக்கும் அந்த எச்.ஐ.வி. நோய் இருக்குது. மாத்திரை சாப்பிடறேன். இங்க வந்து உக்காந்தா மனசுக்கு நல்லாருக்குதுங்க.”

“ஸ்தோ…”

பாதிச் சபையின் வாயில் அந்த வார்த்தை அப்படியே நின்றது. மேலே ஃபேன் சுற்றுகிற சத்தம். செல்வி தப்பு செய்துவிட்டோமோ என்று என்னைப் பார்த்தாள். ஐயர் சின்ன வயசுக்காரர், எங்கள் சபைதான் அவருக்கு முதல் சபை. அவர்தான் கொஞ்சம் கழித்து, “ஸ்தோத்திரம்” என்று முழுசாகச் சொல்லி முடித்தார்.

எங்கள் சனங்கள் கெட்டவர்கள் இல்லை. அதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்த வாரமே அரிசி போயிற்று, போர்வை போயிற்று. பெண்கள் ஐக்கியத்திலிருந்து போய் ஜெபம் செய்தார்கள். ஐயர் பல மாதம் பாடம் சொல்லிக்கொடுத்து, அவளுக்கு ஞானஸ்நானமும் கொடுத்து, பந்தியில் சேர்த்துக்கொண்டார். அதுவரை எல்லாரும் கூடவே இருந்தார்கள்.

முதல் திருவிருந்து அன்று செல்வி பெண்களின் இரண்டாம் பந்தியில் போய் முழங்கால் போட்டாள். அவளுக்கு அடுத்து வந்தவள் என்னவோ ஞாபகம் வந்தமாதிரி நின்றாள். நின்று, திரும்பி, தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அதற்கடுத்தவளும் போய் உட்கார்ந்தாள். அடுத்த மாதத்திலிருந்து செல்வி கடைசியாகத்தான் எழுந்தாள். அவளுக்குப் பிறகு மிச்சத்தைக் குடித்துப் பாத்திரத்தைக் காலி செய்கிறவர் ஐயர் ஒருவர்தான்.

யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே அவள் புரிந்துகொண்டாள். சபையும் நிம்மதியாக இருந்தது.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. சபையிலிருந்த நர்ஸிடம் தனியாகக் கேட்டேன். “ஒரே பாத்திரத்துல குடிச்சாலோ, கூட சாப்ட்டாலோ இது வரவே வராது எஸ்தரு. நானே சொல்றேன்” என்றார். தலை ஒத்துக்கொண்டது. வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு ஏழாவதுகூடப் படிக்கவில்லை போலிருக்கிறது. ஆனால் என் முறை எப்போதும் அவளுக்கு முன்னால் வந்துவிடும். அதனால் என் வயிற்றுக்குப் பரீட்சை வரவேயில்லை.

சிதம்பரத்தில் ஒரு காப்பி

செல்வியின் அம்மா சிதம்பரத்தில் மகன் வீட்டில் இருந்தார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. “தனியாப் போனா வாசல்லயே பேசி அனுப்பிடுவாங்க. நீங்க வந்தா உள்ள கூப்புடுவாங்கக்கா” என்றாள். நானும் வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்து. உள்ளே கூப்பிட்டார்கள். அண்ணன்காரன் நல்லமாதிரிதான் பேசினான். அம்மா பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, “வந்துட்டியாடி, வந்துட்டியாடி” என்று இவள் கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அண்ணி காப்பி கொண்டுவந்தாள். எனக்கு எவர்சில்வர் டம்ளர் டபரா. அம்மாவுக்கு, அண்ணனுக்கு எவர்சில்வர். செல்விக்குப் பேப்பர் கப்.

நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். செல்வி ஊதி ஊதிக் குடித்தாள். “காப்பி நல்லாருக்கு அண்ணி” என்றுகூடச் சொன்னாள். குடித்து முடித்ததும் அந்தக் கப்பைக் கசக்கித் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து குப்பைத்தொட்டியில் போட்டாள்.

“ஏன்டி, அங்கேயே போட்டுட்டு வரவேண்டியதுதான?”

“அங்க போட்டா அதை எடுத்து வெளிய போட ஒரு குச்சி தேடுவாங்கக்கா. அம்மாவுக்குக் கண்ணு தெரியலன்னாலும் சத்தம் கேக்குமில்ல?”

புவனகிரி தாண்டுகிறவரை எனக்கு வீட்டுப் பூட்டுகூட ஞாபகம் வரவில்லை.

அலை வந்த ஞாயிறு

இதற்குச் சில வருஷம் முன்னால் நடந்தது ஒன்றைச் சொல்லாமல் மேலே போகமுடியாது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதுதான் கடல் உள்ளே வந்த சேதி வந்தது. கொஞ்ச நேரத்தில் ஈரப் புடவையோடு, செருப்பில்லாமல், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனங்கள் வந்தார்கள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு இடம் கொடுத்தோம். யார், எந்தக் குப்பம், எந்தச் சாமி, யாரும் கேட்கவில்லை.

அன்றைக்குத் தண்ணீர் கொடுத்தவர் ஞானம் டீச்சர். ரிட்டையர் ஆனவர். எங்கள் சபையில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கிப் படித்தவர்கள். ஒரு அம்மாவுக்குக் கை நடுங்கிச் சொம்பைத் தூக்க முடியவில்லை. அண்ணாந்தால் மேலெல்லாம் கொட்டுகிறது. “வாய் வச்சே குடிம்மா” என்று டீச்சர் சொம்பை அந்த அம்மா உதட்டில் வைத்துப் பிடித்தார். அப்புறம் அதே சொம்பில் தானும் குடித்தார். எனக்கு அந்தக் காட்சி அப்படியே இருக்கிறது.

டீச்சர் வேறொரு கதையும் சொல்லியிருக்கிறார். அவருடைய அப்பா காலத்தில் எங்கள் சனத்துக்கு டீக்கடையில் தனி கிளாஸ். கடைக்கு வெளியே ஆணியில் தொங்கும். குடித்துவிட்டுத் தானே கழுவித் தொங்கவிட வேண்டும். “எங்கப்பாரு வேதத்துல சேர்ந்ததுக்குக் காரணம் பிரசங்கம் இல்ல எஸ்தரு. வெள்ளக்காரத் தொரை குடிச்ச பாத்திரத்துல நம்மளும் குடிக்கலாம்னு ஒருத்தர் சொன்னாராம். அதைப் பாக்கத்தான் போனாராம்.” இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

அதனால்தான் கமிட்டியில் நடந்தது எனக்கு விளங்கவேயில்லை.

குட்டிக் கப்பு

ஊரெல்லாம் சிக்கன்குனியா வந்து, நொண்டாத ஆள் இல்லாத சமயம். ஆராதனை முடிந்ததும் அங்கேயே எல்லாரையும் வைத்துக் கமிட்டி கூடியது. செயலாளர் சாமுவேல் அண்ணன் எழுந்தார். சென்னையில் பெரிய சபைகளில் எல்லாம் இப்போது ஆளுக்கொரு குட்டிக் கப்பு வந்துவிட்டது, அதுதான் சுகாதாரம், நம் சபைக்கும் வாங்கிவிடலாம் என்றார்.

“சிக்கன்குனியா கொசுவாலதானே வருது?” என்று யாரோ கேட்டார்கள்.

“பொதுவாச் சொல்றேன்யா. சளி, இருமல், எவ்ளோ இருக்கு. யாரையும் மனசுல வச்சுச் சொல்லல.”

அவர் அப்படிச் சொன்னதும் எல்லாருக்கும் யாரை என்று தெரிந்துவிட்டது. ஒருத்தரும் பின்னால் தூண் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லாரும் பட்ட பாடுதான் பெரிசாக இருந்தது.

ஞானம் டீச்சர் பேசுவார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். டீச்சர், “சுத்தம் நல்லதுதானே” என்றார். அவ்வளவுதான். ஐயர், “பெரிய பாத்திரமும் இருக்கட்டும், வேணுங்கிறவங்க அதுல எடுத்துக்கட்டும்” என்று மட்டும் முனகினார். முடிந்தது. கமிட்டியில் நான் பேசியதே இல்லை.

“அந்த சாமுவேலு வெத்தலபாக்கு வாயோட குடிச்ச பாத்திரத்துல இத்தன வருஷம் குடிச்சீங்களே, அப்ப எங்க போச்சாம் சுகாதாரம்?” என்றார் என் வீட்டுக்காரர், ராத்திரிச் சாப்பாட்டில்.

மறுநாள் செல்வி வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

“அக்கா, நான் இனிமே சர்ச்சுக்கு வரலக்கா.”

“ஏன்டி? கப்பு எல்லாருக்கும்தானே? உனக்கு மட்டுமா?”

“சிதம்பரத்துல எனக்கு மட்டும் பேப்பர் கப்பு. இங்க எனக்காக எல்லாருக்கும் தனிக் கப்பு. அவ்ளோதாங்கா வித்தியாசம்.” குரலில் கோபம் இல்லை. “நான்தான் கடைசியாப் போறேனே. ஓரமாத்தானே இருக்கேன். அதுவும் ஆவலன்னா நான் எங்க போறது?”

இவளுக்குப் போக்கிடம் வேறு இல்லை. அண்ணன் வீட்டில் பேப்பர் கப், மாமியார் வீட்டில் வாசல். இங்கேயும் வராமல் அந்த ஒண்டுக் குடித்தனத்தில் ஒருத்தியாக உட்கார்ந்தாள் என்றால், மாத்திரையைக்கூட விட்டுவிடுவாளோ? மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். கூப்பிட்டு வந்தவள் நான்.

“ஒரு தடவை. இந்த ஒரு திருவிருந்துக்கு மட்டும் வாடி. எனக்காக.”

“வரேன்கா. ஐயர்கிட்டயும் சொல்லிக்கணும் இல்ல.”

அந்த வாரம் ஞானம் டீச்சர் மாவு வாங்க வந்தார். நான் ஊற்றிக்கொண்டே, ஏன் சொன்னேன் என்று தெரியாமல், சிதம்பரத்துக் காப்பியைச் சொல்லிவிட்டேன்.

“கப்பை அவளே எடுத்துட்டு வந்தாளா?” என்றார்.

“ஆமா டீச்சர். அவளே பையில வச்சு எடுத்துட்டு வந்தா.”

டீச்சர் எழுந்தார். மாவுத் தூக்கை என் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். பெரியவன்தான் பின்னாலேயே ஓடிக் கொடுத்துவிட்டு வந்தான். “டீச்சர் என்னைத் திட்டக்கூட இல்லம்மா” என்று ஆச்சரியப்பட்டான்.

யார் முன்னால்?

முதல் ஞாயிறு. ஆராதனைக்கு முன்னால் பக்கத்து அறையில் தனியாக நின்று குட்டிக் கப்புகளில் ரசம் ஊற்றினேன். ஓட்டை ஓட்டையாக ஒரு தட்டு, அதில் வரிசையாக பிளாஸ்டிக் கப்பு. இருமல் மருந்து ஊற்றுகிறமாதிரி இருந்தது. வழக்கமாகக் காய்ச்சுகிற அளவுதான் காய்ச்சியிருந்தேன். அதில் பெரும்பகுதி தட்டிலேயே போய்விட்டது. பெரிய பாத்திரத்தில் அடியில் கொஞ்சம்தான். போதுமா? போதாதா? யாரைக் கேட்பது? மணி அடித்துவிட்டது.

ஆண்கள் பக்கம் பெரும்பாலும் தட்டில் எடுத்தார்கள். சிலர் எதில் எடுப்பது என்று தெரியாமல் இரண்டுக்கும் கை நீட்டினார்கள். பெண்களும் எழுந்தார்கள், போனார்கள், வந்தார்கள். அப்போதுதான் கவனித்தேன். எப்போதும் முன்பெஞ்சில் உட்காருகிற ஞானம் டீச்சர் அன்றைக்குப் பின்னால், தூண் பக்கத்தில், செல்விக்கு அடுத்து உட்கார்ந்திருந்தார். டீச்சர் எங்கே உட்கார்ந்தாலும் பெண்கள் ஐக்கியத்தில் ஒரு கூட்டம் கூடவே உட்காரும். டீச்சர் எழாமல் அதில் ஒருத்தியும் எழமாட்டாள்.

டீச்சர் எழவில்லை.

பாட்டு முடிந்துவிட்டது. ஆர்மோனியக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி முதல் சரணத்தை எடுத்தார்.

“நீங்க போங்க டீச்சர்.” செல்வியின் குரல். மெதுவாகச் சொன்னாள் என்றாலும், நான் பக்கத்து அறையின் வாசலில்தான் நின்றேன்.

“நீ போ. எனக்கு முட்டி வலி. மெதுவாத்தான் வருவேன்.”

“நான் கடைசியாத்தான் போவேன் டீச்சர்.”

“யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல.”

“அப்பறம் என்ன? எழுந்திரு. எத்தன நேரம் பாடுவாரு அந்த மனுஷன், தொண்ட கட்டிக்கப் போவுது.”

செல்வி எழுந்தாள். பழக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். பின்னால் டீச்சர், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீச்சருக்குப் பின்னால் அந்த வரிசை முழுக்க எழுந்து நின்றது. செல்வி அப்படியே நின்றுவிட்டாள். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று பார்த்தாள்.

“முன்னாடி பாத்து நட” என்றார் டீச்சர், பள்ளிக்கூடத்தில் சொல்கிறமாதிரி.

கிராதியின் கடைசியில் ஒரு ஆள் முழங்கால் போட இடம் இருந்தது. எப்படி அறையை விட்டு வந்தேன் என்று தெரியவில்லை. நான் போய் அங்கே முழங்கால் போட்டேன்.

அப்பம் வந்தது. பிறகு ஐயர் தட்டையும் பாத்திரத்தையும் கொண்டுவந்து செல்வியிடமிருந்து ஆரம்பித்தார். செல்வியின் கை தட்டின் பக்கம் போயிற்று. டீச்சர் தொண்டையைச் செருமினார். கை பின்னால் வந்தது. ஐயர் தட்டைப் பீடத்தில் வைத்துவிட்டு, பாத்திரத்தை அவள் வாயில் வைத்தார். துடைத்தார், திருப்பினார். டீச்சர் குடித்தார். துடைத்தார், திருப்பினார். அடுத்தவள். அதற்கடுத்தவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தாள்.

பாதி வரிசையில் ஐயர் நின்றுவிட்டார். பாத்திரத்துக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. தீர்ந்துபோயிற்று. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் குறைந்ததில்லை. இன்றைக்குத்தானா?

பீடத்தின்மேல் தட்டில் நிறையக் குட்டிக் கப்பு மிச்சம் இருந்தது. இந்த வரிசைக்கென்று நான் ஊற்றினதுதான். தட்டை நீட்டினால் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாம். யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஐயர் தட்டைக் கையில் எடுத்தார். ஒரு நிமிஷம் எங்கள் வரிசையைப் பார்த்தார்.

பிறகு தட்டைத் திரும்ப வைத்துவிட்டு, ஒவ்வொரு குட்டிக் கப்பாக எடுத்துப் பெரிய பாத்திரத்தில் கவிழ்க்க ஆரம்பித்தார். பிளாஸ்டிக் விளிம்பு வெள்ளியில் தட்டுகிற சத்தம். ஆர்மோனியம் நின்றிருந்தது. ஆண்கள் பக்கத்தில் சாமுவேல் அண்ணன் இருமினார். ஐயர் நிறுத்தவில்லை.

பாத்திரம் மறுபடி வந்தது. எனக்குப் பக்கத்தவள் குடித்தாள். துணி விளிம்பைத் துடைத்தது. என் வயிறு என்னென்னவோ சொன்னது. நர்ஸ் சொன்னதை நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். விளிம்பு உதட்டில் பட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது. குடித்தேன்.

எழுந்து, கால் மரத்துப்போய், தூண் பக்கம் செல்வியின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். அவள் முக்காட்டுக்குள் அழுகிறாளா என்று பார்க்கப் பயமாக இருந்தது. ஐயரிடம் சொல்லிக்கொண்டு போய்விடுவாளோ, இத்தனைக்கும் பிறகும் போய்விடுவாளோ என்று எனக்குக் கவலை. அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

“அக்கா, கிராம்பு ஜாஸ்திக்கா. அடுத்த மாசம் பாத்துப் போடுங்க.”